கழுகுக்கு மட்டுமா மூக்கு வேர்க்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை நகரத்தில் முப்பத்தொரு வருடமாகக் கருவாட்டுக் கடை நடத்துகிறவள் எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையைக் காலையில் ஒரு வரி விடாமல் படிப்பேன். பின்னேரம் அதே தாளில் கருவாடு சுற்றிக் கொடுப்பேன். அதைக் குறையாக எடுக்க வேண்டாம். எங்கள் கடையில் இரண்டு தரம் பயன்படுகிற பொருள் உங்கள் பத்திரிகை ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாணவர் பக்கத்தில் மூக்கைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வந்திருந்தது. தரம் ஏழு படிக்கும் என் பேரன் அதை வெட்டி விஞ்ஞானக் கொப்பியில் ஒட்டிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினான். ஒரு நாயின் படம், ஒரு யானையின் படம், பக்கத்தில் பூவை முகர்கிற ஒரு பிள்ளையின் படம். மூச்சு விடவும் மணம் அறியவும் மூக்கு உதவுகிறது என்று எழுதியிருந்தார்கள். அதில் எனக்கு வழக்கில்லை. கடைசி வரிதான் வழக்கு: ‘விலங்குகளோடு பார்த்தால் மனிதனின் மூக்கு வெறும் அலங்காரமே.’

அலங்காரமா? மூக்குத்தி குத்துவதற்கென்று முகத்தின் நடுவில் ஒரு சதையைப் பிடித்து வைத்திருக்கிறதா? மூக்கு நுனிக்கு வந்த கோபம் நாலு நாளாகியும் இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டத்தான் வேண்டுமென்றால் யானையை வெட்டுங்கள், காஸ் சிலிண்டரை வெட்ட வேண்டாம்.

முதலில் தொழிலைச் சொல்கிறேன். கருவாடு வாங்கும்போது கண் ஏமாறும். வெளியே உப்புப் பூத்து, நிறம் நல்ல பொன்னாகத் தெரியும் கட்டாக் கருவாடு உள்ளே ஈரமாக இருக்கும். சீலாவைத் தட்டிப் பார்த்தால் பலகை மாதிரிச் சத்தம் கேட்கும், முள்ளந்தண்டை ஒட்டிய சதை மட்டும் பழுதாகியிருக்கும். அதனால் சாக்கைக் கொட்டியதும் நான் கண்ணால் பார்ப்பதில்லை. நடுவில் ஒன்றை உருவி, வயிற்றுப் பக்கம் பெருவிரலால் பிளந்து, மூக்கில் வைப்பேன். அவ்வளவுதான். உப்புப் போட்ட நேரத்தில் மீன் எப்படி இருந்தது, வெயிலில் காய்ந்ததா, மழைக்கு உள்ளே இழுத்துப் போட்டுப் புகைக்குப் பக்கத்தில் வைத்தார்களா, எல்லாம் அதில் இருக்கும். இலையான் மொய்க்காமல் இருக்க ஏதாவது மருந்து தெளித்திருந்தால் அதுவும் தெரியும். தொண்டைக்குள் ஒரு சின்னக் கமறல். வாயைத் திறந்து சொல்லவே தேவையில்லை, என் முகத்தைப் பார்த்துச் சாக்கைத் திரும்பக் கட்டிய வியாபாரிகள் உண்டு.

மாமியிடம் பழகிய தொழில் இது. அந்த மனுசி மணங்களுக்குப் பெயர் வைத்திருந்தார். பச்சை மீனில் வருவது வெடுக்கு. எண்ணெய் பழசாகிக் கெட்டால் சிக்கு. கிடாய் ஆட்டில் அடிப்பது மொச்சை. மழைக்காலத்துச் சாக்கில் பூஞ்சணம். சட்டி அடிப்பிடித்தால் காந்தல். அழுகத் தொடங்கிய சதை முடை. மணத்துக்கு மனித மொழியில் சொல் குறைவு, ‘ரோசாப்பூ மாதிரி’, ‘எலுமிச்சை மாதிரி’ என்று எதையாவது காட்டித்தான் சொல்ல முடியும் என்று படித்தவர்கள் வெகுகாலம் சொல்லி வந்தார்களாம். அப்புறம் மலாய்த் தீபகற்பத்துக் காட்டில் வாழும் ஜஹாய் மக்களிடம் போய்ப் பார்த்தால், அவர்கள் நாம் நிறம் சொல்வது போல மணம் சொல்கிறார்கள் என்று 2014ல் எழுதினார்கள். காட்டுக்குப் போனது சரி. வழியில் ஒருதரம் எங்கள் சந்தைக்கும் வந்து போயிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஆவணியில், நாடு முழுக்கப் பூட்டியிருந்த நேரம், எங்கள் வீட்டுக்கும் கொரோனா வந்தது. இவருக்கு இருமல், மகளுக்குக் காய்ச்சல். எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் காலையில் தேத்தண்ணி குடித்தேன். சுடுதண்ணியில் சீனி போட்ட மாதிரி இருந்தது. இஞ்சியைக் கடித்தேன். எரிந்தது, ஆனால் இஞ்சி இல்லை. கருவாட்டுப் பானையைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். ஒன்றுமே இல்லை, கழுவிக் கவிழ்த்த பானை மாதிரி.

இதில் ஒரு வித்தியாசம் கவனித்தேன். தடிமன் பிடித்தால் மூக்கு அடைபடும், மணமும் தெரியாது, பேச்சும் மாறும். நம்பாவிட்டால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ‘மாமா’ என்று சொல்லிப் பாருங்கள், ‘பாப்பா’ என்றுதான் வரும். மெல்லின எழுத்துகளுக்கு மூக்கு வழியே காற்றுப் போக வேண்டும் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. மூக்கு என்ற சொல்லையே மூக்கில்லாமல் ஒழுங்காகச் சொல்ல முடியாது, ‘பூக்கு’ என்று ஆகிவிடும். எனக்கு அன்றைக்கு மாமா மாமாவாகவே வந்தது. மூச்சும் தாராளமாகப் போய் வந்தது. மணம் மட்டும்தான் இல்லை. வாசல் திறந்திருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை.

பிறகு தேடித் தேடிப் படித்ததில் விளங்கியது இது. மணம் பிடிக்கிற இடம் மூக்குத் துவாரத்தில் இல்லை, நல்ல உயரத்தில், இரண்டு கண்ணுக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒரு தபால் முத்திரை அளவு. அங்கே இருக்கும் நரம்புகள் அரிதட்டு மாதிரி ஓட்டை ஓட்டையான ஓர் எலும்புக்குள்ளால் நேரே மூளைக்குள் போகின்றன. கொரோனாக் கிருமி பெரும்பாலும் அந்த நரம்புகளைத் தொடுவதில்லை. அவற்றைத் தாங்கிப் பிடித்துப் பராமரிக்கிற பக்கத்து உயிரணுக்களைத்தான் பிடிக்கிறது. நாக்குக்குத் தெரிவது உப்பு, புளி, இனிப்பு, கசப்பு, அப்புறம் இறைச்சிச் சாறு மாதிரியான ஒரு சுவை. மற்றதெல்லாம், அதாவது சொதி சொதியாக இருப்பதும் பலாப்பழம் பலாப்பழமாக இருப்பதும், மெல்லும்போது வாய்க்குப் பின்பக்கத்தால் மூக்குக்கு ஏறுகிற மணத்தால்தான். ‘மூக்கு முட்டச் சாப்பிட்டேன்’ என்று சும்மா சொல்கிறோம் என்று நினைத்திருந்தேன். சாப்பாடு உண்மையிலேயே மூக்கு மட்டும் போகிறது.

ஐப்பசியில் கடை திறந்தோம். மணம் வரவில்லை. அதை நான் யாருக்கும் சொல்லவும் இல்லை. கருவாட்டுக்கடைக்காரிக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் சந்தையில் என்ன மிஞ்சும்? பழக்கமான ஒரு வியாபாரி நாற்பது கிலோ பாரைக் கருவாடு கொண்டு வந்தார். வழக்கம்போல ஒன்றை உருவிப் பிளந்து மூக்கில் வைத்து, யோசிக்கிற மாதிரி நடித்து, தலையை ஆட்டிக் காசைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஒரு ரீச்சர் பார்சலோடு திரும்பி வந்தார். ‘அக்கா, இதுக்கு என்ன அடிச்சிருக்கு? நுளம்பு மருந்து மணக்குது’ என்றார். நான் அவருடைய கையிலிருந்து வாங்கி மணந்தேன். இருந்ததெல்லாம் காற்று. மிச்சத்தை இவர் தோட்டத்தில் கிடங்கு வெட்டிப் புதைத்தார். அந்த வியாபாரிக்கு என் மூக்கு போனது எப்படியோ தெரிந்திருக்கிறது என்று இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன். வெளியே குன்றிமணி மாதிரிச் சிவப்பாகத் தெரிந்தாலும் உள்ளே குன்றிமணியின் மூக்கு மாதிரிக் கறுத்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று வள்ளுவர் சொன்னது போலித் துறவிகளை. கருவாட்டு வியாபாரிகளையும் சேர்த்திருக்கலாம்.

இனி, வெட்ட வேண்டாம் என்று சொன்ன சிலிண்டர். கார்த்திகை மாதம். காஸ் அடுப்பு வெடித்தது என்று ஒவ்வொரு நாளும் உங்கள் பத்திரிகையிலேயே செய்தி வந்துகொண்டிருந்த நேரம் அது. ஒருநாள் பின்னேரம் குசினியில் தனியே இருந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் என்று தீப்பெட்டியை எடுத்துவிட்டேன். பேரன் அப்போது சின்னவன். விளையாடிவிட்டு வந்தவன் வாசற்படியிலேயே நின்று மூக்கைச் சுருக்கி, ‘அம்மம்மா, என்ன இப்பிடி நாறுது? எலி செத்திட்டுதா?’ என்று கேட்டான். எனக்கு ஒன்றுமே நாறவில்லை. ஆனால் ‘எலி செத்த மணம்’ என்ற சொல் கேட்டதும் கை நின்றுவிட்டது. ரெகுலேட்டரில் ரப்பர் குழாய் வழுகிக் கழன்றிருந்தது. எவ்வளவு நேரமாகவோ தெரியாது. சன்னலைத் திறந்து, சிலிண்டரைப் பூட்டி, பிள்ளையை இழுத்துக்கொண்டு முற்றத்தில் போய் இருந்தேன். அன்றிரவு விளக்கு வைக்கவில்லை. சாமி கோபித்திருக்காது.

காஸுக்கு மணமே இல்லை என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். ஒழுகினால் மனிதனுக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே நாற்றம் சேர்க்கிறார்கள். எத்தில் மேர்கேப்டன் என்று ஒரு கந்தகப் பொருள். 1937 பங்குனியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணமில்லாத எரிவாயு ஒழுகி நிறைந்து வெடித்து, முந்நூறு பேரளவில் செத்துப் போனார்கள். அநேகம் பேர் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் அங்கே மணம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த மேர்கேப்டன் கொஞ்சமே கொஞ்சம் காற்றில் கலந்தாலும் மனித மூக்கு பிடித்துவிடும். அலங்காரத்தை நம்பியா உலகம் முழுக்கக் காஸ் விற்கிறார்கள்?

இதில் ஒரு கதை இருக்கிறது. பேரன் ஏன் எலி செத்த மணம் என்றான்? செத்த உடம்பு அழுகும்போதும் அதே மாதிரிப் பொருள்தான் வெளிவருகிறது. 1930களில் கலிபோர்னியாவில் நீளக் குழாய்களில் எரிவாயு அனுப்பிய எண்ணெய்க் கம்பனி ஆட்கள் ஒன்றைக் கவனித்தார்களாம். குழாய் எங்கே ஒழுகுகிறதோ அந்த இடத்துக்கு மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். அங்கே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அவை நினைத்துவிட்டன. ஒழுகலைக் கண்டுபிடிக்கக் குழாயில் மேர்கேப்டனைக் கூட்டிவிட்டு, கழுகு எங்கே கூடுகிறது என்று பார்த்துத் திருத்தினார்கள். பறவைக்கு மணம் தெரியாது என்று நூறு வருடத்துக்கு மேல் சண்டை போட்டுக்கொண்டிருந்த விஞ்ஞானிகளுக்கு இது பெரிய சாட்சி. கென்னத் ஸ்டேகர் என்பவர் 1964ல் இதை எழுதி வைத்தார்.

‘கழுகுக்கு மூக்கு வேர்த்த மாதிரி’ என்று நாம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இப்போது இந்தக் கதைதான் நினைவு வரும். வேடிக்கை என்னவென்றால், அப்படி மணம் பிடித்து வருவது அமெரிக்காவின் வான்கோழிக் கழுகு. இந்தியப் பக்கத்துப் பிணந்தின்னிக் கழுகுகள் உயரத்தில் நின்று கண்ணால் பார்த்துத்தான் இறங்குகின்றன. பழமொழி சொன்ன ஆள் கழுகைத் தப்பாக எடுத்தார், மூக்கைச் சரியாக எடுத்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் மூக்கு வேர்த்த கழுகு வாசற்படியில் காற்சட்டையோடு நின்றது.

மனித மூக்கு ஒன்றுக்கும் உதவாது என்ற கதை எங்கிருந்து வந்தது என்றும் தேடினேன். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் போல் புரோக்கா என்ற மூளை நிபுணர், மனித மூளையில் மணத்துக்குரிய பகுதி மொத்த மூளையோடு பார்த்தால் சின்னது என்று கண்டு, மனிதன் மணம் அறியாத பிராணிகளின் வகை என்று எழுதிவிட்டார். அவர் யாரையும் மணக்க வைத்துப் பார்க்கவில்லை. அதையே எல்லோரும் திருப்பித் திருப்பி எழுதினார்கள். 2017ல் ஜோன் மக்கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் இது 19ஆம் நூற்றாண்டுக் கட்டுக்கதை என்று விளக்கமாக எழுதியிருக்கிறார். உங்கள் மாணவர் பக்கத்துக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போல.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2007ல் வெளிவந்தது. புல்தரையில் சொக்லேட் மணத்தைக் கோடாக இட்டு, மாணவர்களின் கண்ணையும் காதையும் மூடி, நாய் மாதிரி நாலு காலில் விட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் மூக்காலேயே அந்தக் கோட்டைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். பழகப் பழக வேகமும் கூடியது. மனிதன் நிமிர்ந்து நடப்பதால் மூக்கு நிலத்திலிருந்து ஐந்தடி தள்ளிப் போய்விட்டது, அவ்வளவுதான் குறை. நான் இதைச் செய்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் பார்ப்பார்.

இன்னொன்று: முதல் மழை மண்ணில் விழும்போது எழும்புகிற மணம். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் செய்கிற ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதில் முக்கியம். ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனிதனுக்குத் தெரியும். கந்தளாய்க் குளத்து ஜப்பான் மீனில் சேற்று மணம் அடிக்கிறது என்று சொல்கிறோமே, அதுவும் இதே பொருள். மழை மணம் என்றால் சொர்க்கம், மீனில் வந்தால் விலையைக் குறை என்கிறார்கள். புளி அதை உடைக்கும், அதனால் பழப்புளித் தண்ணியில் ஊறவைத்துக் கழுவினால் போகும். கடல் மீன் வெடுக்கு வேறு, அது மீன் செத்த பிறகு நுண்ணுயிர் செய்வது. தேசிக்காய் பிழிந்தால் அதுவும் அடங்கும். நம் ஆச்சிமாருக்கு ஜியோஸ்மின் தெரியாது, மூக்கு தெரிந்திருந்தது.

விலங்குகளின் மூக்கை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் ஒரு விளையாட்டுக் காட்டுவேன். மீன் தலையைக் கையில் கொடுத்து, ‘மூக்கு எத்தனை ஓட்டை?’ என்று கேட்பேன். இரண்டு என்பார்கள். அநேக மீனுக்குப் பக்கத்துக்கு இரண்டாக நாலு. முன் ஓட்டையால் தண்ணி போய்ப் பின் ஓட்டையால் வெளியே வரும், நடுவில் மணம் பிடிபடும். தொண்டைக்கு வழியே கிடையாது. மூச்சு விடுவது செவுள், மணப்பது மூக்கு, இரண்டும் வேறு வேறு இலாகா. சுறாவும் அப்படித்தான். சுறாவுக்கு மூக்கு வாய்க்கு முன்னால், மூஞ்சிக்கு அடியில் இருக்கும். மணம் இடது மூக்குக்கு முதலில் வந்ததா வலது மூக்குக்கு முதலில் வந்ததா என்று அந்தச் சின்ன நேர வித்தியாசத்தை வைத்து எந்தப் பக்கம் திரும்புவதென்று முடிவெடுக்கிறது. கொம்பன் சுறாவுக்குத் தலை ஏன் அப்படி அகலம் என்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

எறும்புக்கு முகத்தில் மூக்கே இல்லை, உணர்கொம்பால் மணக்கிறது. ஆனாலும் எறும்புக்கும் கறையானுக்கும் மூன்று அறிவு என்றும், மூன்றாவது அறிவு மூக்கு என்றும் தொல்காப்பியத்தில் இருக்கிறது. சாதாரண தரத்துக்குப் படித்தபோது ‘எறும்புக்கு மூக்கா’ என்று வகுப்பில் சிரித்தோம். என் சீனிப் போத்தலை எங்கே ஒளித்தாலும் வரிசை வந்துவிடுகிறது. இப்போது சிரிக்கிறதில்லை.

யானையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் படத்தைப் போட்டிருந்தீர்கள். மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டதுதான் தும்பிக்கை. எலும்பு கிடையாது. மணம் பிடிக்கும் மரபணு மனிதனுக்குச் சுமார் 400, நாய்க்குச் சுமார் 800, ஆபிரிக்க யானைக்குச் சுமார் 2,000. தம்பலகாமத்தில் என் தம்பியின் வீட்டில் நெல் மூட்டை அடுக்கிய அறையின் சுவரை ஓர் இரவில் யானை தள்ளிவிட்டது. வீட்டில் நாலு அறை. மற்ற மூன்றையும் தொடவில்லை. வெளியே நின்றபடி எந்தச் சுவருக்குப் பின்னால் நெல் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. தாய்லாந்தில் மூடிய இரண்டு வாளிகளில் சூரியகாந்தி விதையைக் கூடக் குறைய வைத்துச் சோதித்தபோது, எதில் கூட இருக்கிறது என்பதையே யானைகள் மணத்தால் கண்டுகொண்டனவாம். தம்பி அதைக் கேட்டுவிட்டு, ‘அக்கா, இனி நெல்லை விற்றுவிட்டுத்தான் படுக்க வேணும்’ என்றான். நம்மவர்கள் யானையின் மூக்குக்கு மூக்கு என்று பெயர் வைக்கவில்லை, கை என்று வைத்தார்கள். யானைக்கே கைம்மா என்று ஒரு பெயர் இருக்கிறது. ஒரு மூக்கை இதைவிட மரியாதையாக யாரும் பார்த்திருக்க முடியாது.

அதேநேரம் பெரிய மூக்கு என்றால் நல்ல மூக்கு என்றும் எழுதிவிடாதீர்கள். எங்கள் கரையில் கடல் சட்டென்று ஆழமாகப் போவதால் திமிங்கிலங்கள் கிட்டவே வரும். நீலத் திமிங்கிலத்துக்கு மூக்கு தலைக்கு மேலே, இரண்டு துவாரம். ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு ஒரே ஒரு துவாரம், தலையின் இடப்பக்கம் தள்ளி. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் வருகிற அந்தப் பெரிய தலையே அநேகமாக மூக்குத்தான். ஒரு மூக்கு வழியால் மூச்சு விடும், மற்ற வழியால் இருட்டுக் கடலில் இரை தேட ‘டிக் டிக்’ என்று சத்தம் எழுப்பும். உலகத்திலேயே பெரிய மூக்கு அதற்குத்தான். ஆனால் அதைப் போலப் பல் உள்ள திமிங்கிலங்களுக்கும் ஓங்கில்களுக்கும் மணம் கொண்டுபோகும் நரம்பே இல்லை. அவ்வளவு பெரிய மூக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் மணக்காமல் திரிகிறது. எனக்கு அதன்மேல் ஒரு பாசம். பல மாதம் நானும் அப்படித்தான் திரிந்தேன்.

என் மூக்கு திரும்பி வந்த கதையைச் சுருக்கிச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கொழும்பில் இருக்கும் மருமகள் போனில் சொல்லித் தந்தாள். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து வைத்தியர் தோமஸ் ஹும்மலும் அவருடைய ஆட்களும் 2009ல் எழுதிய பயிற்சி. ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ். காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சில விநாடி, நினைவை அதிலேயே வைத்து மணக்க வேண்டும். பன்னிரண்டு கிழமை. மணம் பிடிக்கும் நரம்பணுக்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கிறவை என்பதால் இதற்குப் பலன் இருக்கிறதாம். நான் பன்னீர், தேசிக்காய்த் தோல், கராம்பு, தைலம் என்று நாலு சின்னப் போத்தலில் போட்டு, கடை மேசை லாச்சியில் வைத்துக்கொண்டேன். இவர் அதற்குப் பஞ்சாமிர்தம் என்று பெயர் வைத்தார், நாலுதானே என்று சொன்னாலும் கேட்கவில்லை.

முதலில் வந்தது மணமே இல்லை, குழப்பம். 2022 சித்திரையில் கோப்பி கருகின ரயர் மாதிரி மணந்தது. வதக்கின வெங்காயம் சாணியாக இருந்தது. கிட்டத்தட்ட எட்டு மாதம் வெங்காயமில்லாத சமையல். மணம் இல்லாமல் இருந்த காலத்தை விட அது கொடுமை. பிறகு ஒவ்வொன்றாகத் தன் தன் இடத்துக்குப் போயின. கடைசியாக, 2023 சித்திரையில் மருமகனின் சிநேகிதன் படகில் திமிங்கிலம் பார்க்கப் போனோம். ஒரு நீலத் திமிங்கிலம் கிட்ட எழும்பி, தென்னை உயரத்துக்கு மூச்சு விட்டது. தண்ணியைப் பீச்சுகிறது என்று நினைப்போம், உண்மையில் அது குளிர்காலத்தில் நம் வாயிலிருந்து வரும் புகை மாதிரி மூச்சின் ஈரம். காற்று எங்கள் பக்கம் திரும்பியது. படகில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் ஆழ இழுத்தேன். பழைய மீன், கொஞ்சம் முடை, அடியில் ஒரு பாசி மணம். ஒவ்வொன்றும் தனித் தனியே தெரிந்தது. மாமி இருந்திருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்.

சொல்லின் பொருளையும் மாணவர் பக்கம் ஒரே வரியில் முடித்துவிட்டது. மூக்கு முகத்தில் மட்டுமா இருக்கிறது? கிளியின் அலகும் மூக்குத்தான், அதனால்தான் கிளிமூக்கு மாங்காய். என் அப்பா தேத்தண்ணி குடித்தது மூக்குப்பேணியில். உதடு படாமல் ஊற்றிக் குடிக்க ஒரு பக்கம் மூக்கு வைத்த பித்தளைப் பேணி, இப்போது என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. வண்டி மாட்டை அடக்குவது மூக்கணாங்கயிறு. குன்றிமணியின் கறுப்பு மூக்கை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ஒருவனை அவமானப்படுத்தினால் மூக்கறுத்தோம் என்கிறோம், காதறுத்தோம் என்று சொல்வதில்லை. ஆச்சரியப்பட்டால் விரல் போவதும் மூக்குக்குத்தான். மணத்துக்குள்ள சொற்களும் இப்படித்தான் இடம் மாறின. நாற்றம் என்றால் பழைய தமிழில் பூவின் மணம், மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நாற்றம் என்று குறளிலேயே வரும். இப்போது யாருக்காவது ‘உன்மேல் நாற்றம் வீசுகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் மணக்குது என்பதற்குக்கூடப் பாதி மரியாதை போய்விட்டது. ‘கடை மணக்குது’ என்று பஸ்சுக்கு நிற்பவர்கள் சொல்வது பாராட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே ஆசிரியர் ஐயா, இரண்டு வேலை செய்யுங்கள். அந்தக் கடைசி வரியை அதே மாணவர் பக்கத்தில் திருத்திப் போடுங்கள். பேரன் தன் கொப்பியில் ஏற்கெனவே வெட்டிவிட்டான், ரீச்சர் கேட்டால் காட்டப் பத்திரிகை வேண்டுமாம். மற்றது, வீட்டில் யாருக்காவது, முக்கியமாக வயதானவர்களுக்கு, மணம் தெரியவில்லை என்றால் காஸ் அடுப்பை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கண் தெரியாவிட்டால் ஊருக்கே தெரியும். காது கேட்காவிட்டால் இரண்டு நாளில் தெரியும். மூக்கு போனால் கூடப் படுக்கிறவருக்கும் தெரியாது. இவருக்கு நான் சொன்னதே அந்தப் பாரைக் கருவாடு புதைத்த அன்றைக்குத்தான்.

அந்தக் கட்டுரை எழுதியவர் திருகோணமலைப் பக்கம் வந்தால் கடைக்கு வரட்டும். கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு கட்டாக் கருவாட்டை முன்னால் வைப்பேன். ஒன்று போன கிழமை காய்ந்தது, மற்றது மாரி மழையில் நனைந்து திரும்பக் காய்ந்தது. எது எது என்று அவர் அலங்காரத்தைக் கொண்டு சொல்லட்டும். சரியாகச் சொன்னால் நல்லது இலவசம். பிழையாகச் சொன்னால் இரண்டுக்கும் காசு.

இப்படிக்கு,
கருவாட்டுக்கடைக்காரி,
திருகோணமலை.

(பெயரும் விலாசமும் தனித் தாளில் வைத்திருக்கிறேன், அச்சிட வேண்டாம். என் மூக்கு போயிருந்தது சந்தையில் இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது.)